ஊசிக்கு 12 வாரம், அனுமதிக்கு 180 நாள்: அமெரிக்கப் படைவீரர் வலையமைப்பில் ஒரு மறுவாழ்வு கிளினிக்

இந்த ஆய்வில் வரும் கிளினிக்கும் நோயாளியும் மாதிரிகள். விதிகள், படிவ எண்கள், மருந்தளவுகள், கெடுக்கள் நடைமுறையில் உள்ளவை.

கிளினிக் அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் இருக்கிறது. மூன்று மறுவாழ்வு மருத்துவர்கள், அதாவது காயத்தாலோ நோயாலோ இயக்கம் குறைந்தவர்களை மீண்டும் இயங்கவைக்கும் துறையினர், கூட்டாக நடத்துகிறார்கள். முன்னாள் படைவீரர் நலத்துறையின், அதாவது விஏவின், மிக அருகிலுள்ள மருத்துவமனைக்கு அங்கிருந்து காரில் 90 நிமிடம். இப்படித் தொலைவில் இருப்பவர்களை விஏ தன் செலவில் தனியார் மருத்துவர்களிடம் அனுப்பும்; அதற்காக ஒப்பந்தம் போட்ட மருத்துவர்களின் தொகுப்பே இங்கே வலையமைப்பு. நோயாளி 40 வயதைக் கடந்த முன்னாள் தரைப்படை வீரர். 2007இல் ஈராக்கில் வண்டிக்கு அடியில் குண்டு வெடித்து மூளையில் காயம்பட்டவர். வலது முழங்கை மடங்கியே நிற்கிறது, விரல்கள் சுருண்டிருக்கின்றன, வலது பாதம் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டு தரையில் உரசுகிறது. இரவில் தசைகள் வெட்டி இழுப்பதால் தூக்கமும் இல்லை.

மருத்துவம் என்ற அளவில் இது கடினமான நோயாளி அல்ல. தசை இறுக்கத்துக்கு மாத்திரை, இறுகிய தசையைத் தளர்த்தும் போட்டுலினம் ஊசி, காலுக்குத் தாங்கி, உடலியக்கப் பயிற்சி என்று எந்த மறுவாழ்வு மருத்துவரும் பத்து நிமிடத்தில் திட்டம் எழுதிவிடுவார். சிக்கல் திட்டத்தின் நீளத்தில் இருக்கிறது. மறுவாழ்வு சிகிச்சை சங்கிலிபோல ஓடுவது. இந்த ஊசி அந்தத் தாங்கியை நம்பி இருக்கும், தாங்கி பயிற்சியை நம்பி இருக்கும். அரசு வலையமைப்போ சிகிச்சையைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு தொடக்க நாளும் முடிவு நாளும் போட்டு அனுப்புகிறது. வலையமைப்பில் சேரும் கிளினிக்குகள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இந்த வெட்டுக்கோடுகளில்தான்.

வெளிக்கதவு திறந்த வரலாறு

2014இல் ஃபீனிக்ஸ் நகர விஏ மருத்துவமனையில் நோயாளிகள் உண்மையில் எத்தனை நாள் காத்திருக்கிறார்கள் என்பது மறைக்கப்பட்டது அம்பலமாயிற்று. மே 30 அன்று துறைச் செயலர் எரிக் ஷின்செகி பதவி விலகினார். ஆகஸ்ட் 7 அன்று சாய்ஸ் சட்டம் கையெழுத்தானது: விஏ நிலையம் 40 மைலுக்கு அப்பால் இருந்தாலோ, 30 நாளுக்குள் இடம் கிடைக்காவிட்டாலோ, படைவீரர் வெளி மருத்துவரிடம் போகலாம். அந்தத் திட்டத்துக்கு 1,000 கோடி டாலர் ஒதுக்கினார்கள். அவசரத்தில் கட்டிய ஏற்பாடு என்பதால், பார்த்த நோயாளிக்குப் பணம் வரவில்லை என்று மருத்துவர்கள் பலர் முகம் சுளித்து ஒதுங்கியதும் அந்த ஆண்டுகளில்தான்.

2018 ஜூன் 6 அன்று மிஷன் சட்டம் அதன் இடத்தைப் பிடித்து, சரியாக ஓராண்டில் நடைமுறைக்கு வந்தது. அளவுகோல் மாறியது. முதன்மை மருத்துவத்துக்கும் மனநலத்துக்கும் 30 நிமிடப் பயணம் அல்லது 20 நாள் காத்திருப்பு. சிறப்பு மருத்துவத்துக்கு 60 நிமிடம் அல்லது 28 நாள். மறுவாழ்வு மருத்துவம் இரண்டாவது வகை. நம் நோயாளியின் 90 நிமிடம் அந்த வரம்பைத் தாண்டுகிறது. பயண நேரத்தைக் கணக்கிடுவது விஏவின் மென்பொருள். கைபேசி வரைபடம் என்ன சொல்கிறது என்று வாதாடிப் பயனில்லை.

நாடு ஐந்து வட்டாரமாகப் பிரிக்கப்பட்டது. 1, 2, 3ஆம் வட்டாரங்களை ஆப்டம் என்ற நிறுவனம் நடத்துகிறது. டெக்சாஸ், கலிபோர்னியா, அரிசோனா முதலிய மாநிலங்கள் அடங்கிய 4ஆம் வட்டாரமும், அலாஸ்கா மட்டும் உள்ள 5ஆம் வட்டாரமும் ட்ரைவெஸ்ட் என்ற நிறுவனத்தின் கையில். மருத்துவர் ஒப்பந்தம் போடுவது இந்த நிர்வாக நிறுவனத்துடன். நோயாளியை அனுப்புவதும், எந்தச் சிகிச்சை வேண்டும் என்று முடிவு செய்வதும் விஏ. இந்த இரட்டைத் தலைமையை முதல் நாளே மண்டையில் ஏற்றிக்கொள்ளாத அலுவலகம், பணக் கேள்வியை விஏவிடமும் மருத்துவக் கேள்வியை நிறுவனத்திடமும் கேட்டு நாள் கடத்தும்.

கொஞ்சம் விலகி ஒரு விஷயம். போரில் காயப்பட்டவர்களைத் தனியார் மறுவாழ்வு மருத்துவர்களிடம் அனுப்புவது ஏதோ புதுமைபோலத் தோன்றலாம். ஆனால் அமெரிக்காவில் இந்தத் துறையைத் தூக்கி நிறுத்தியதே இரண்டாம் உலகப் போர்தான். விமானப்படையில் காயமுற்றவர்களைப் படுக்கையிலிருந்து எழுப்பி நடக்கவைத்த ஹோவர்ட் ரஸ்க்கின் அனுபவம் அதன் அடித்தளங்களில் ஒன்று. துறைக்கான தேர்வு வாரியம் 1947இல் வந்தது.

சேர்வதற்கான தாள்கள்

மாநில உரிமம், தேசிய வழங்குநர் எண், கட்டுப்பாட்டு மருந்துகள் எழுதுவதற்கான டிஇஏ பதிவு, தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு, வரி அடையாளத்துக்கான டபிள்யூ-9 படிவம். கூட்டு மருத்துவமனையென்றால் ஒவ்வொரு மருத்துவருக்கும் தனி எண்ணும் நிறுவனத்துக்கு ஒரு எண்ணும் வேண்டும். மத்திய சுகாதாரத் திட்டங்களிலிருந்து விலக்கப்பட்டோர் பட்டியலில் பெயர் இருக்கக் கூடாது. தவறு செய்து விஏ பணியிலிருந்து நீக்கப்பட்டவர்கள் வெளிவாசல் வழியே திரும்பி வருவதையும் மிஷன் சட்டம் தடுக்கிறது. ஓபியாய்டு என்ற அபின் வகை வலி மருந்துகள் பற்றிய விஏவின் பாதுகாப்பு வழிகாட்டலைப் படித்ததாக ஒவ்வொருவரும் உறுதி தர வேண்டும்.

தாள்கள் எளிது. தவறுவது சின்ன இடங்களில். தகுதிச் சரிபார்ப்புக்கான சிஏகியூஎச் தளத்தில் விவரங்களை 120 நாளுக்கு ஒருமுறை மறு உறுதி செய்ய வேண்டும். மறந்தால் விண்ணப்பம் சத்தமில்லாமல் நின்றுவிடும், யாரும் போன் செய்து சொல்ல மாட்டார்கள். கிளைக்கு இரண்டு முகவரி இருந்தால் இரண்டும் பதிவாகியிருக்க வேண்டும். அறை எண் ஒன்று பிசகினாலும் அந்தக் கிளையில் பார்த்த நோயாளியின் கிளெய்ம், அதாவது பணம் கேட்டு அனுப்பும் படிவம், திரும்பும். புதிதாகச் சேர்ந்த நான்காவது மருத்துவர், தன் சரிபார்ப்பு முடியும் முன்பே படைவீரர்களைப் பார்க்கத் தொடங்குவது மிகப் பொதுவான பிழை. அந்த நாட்களுக்கான பணம் வராது, நோயாளியிடமும் கேட்க முடியாது.

துறைக் குறியீடும் கவனிக்க வேண்டியது. மறுவாழ்வு மருத்துவத்தின் பொதுக் குறியீடு 208100000எக்ஸ். வலி மருத்துவம், தண்டுவடக் காயம் போன்ற உட்பிரிவுகளுக்குத் தனிக் குறியீடுகள் உண்டு. மாதிரி கிளினிக்கில் ஒருவர் வலி மருத்துவராக மட்டும் பதிந்திருந்தார். விளைவு: தசை இறுக்கத்துக்கு மருத்துவர் தேடும் விஏ ஊழியரின் பட்டியலில் அவர் பெயரே வரவில்லை, முதுகுவலி நோயாளிகள் மட்டும் குவிந்தார்கள்.

நோயாளியை அனுப்பி விஏ எழுதும் பரிந்துரைகள் வந்து சேரும் இணையத் தளம் எச்எஸ்ஆர்எம். ஒவ்வொரு ஊழியருக்கும் தனி உள்நுழைவு வேண்டும். ஒரே ஒருவரிடம் மட்டும் நுழைவு இருந்து, அவர் விடுப்பில் போனால், வந்த பரிந்துரை திறக்கப்படாமலே கிடக்கும். குறைந்தது இருவருக்கு எடுத்து வைப்பது நல்லது. ஃபேக்ஸும் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. காகிதத் தட்டைக் காலையும் மாலையும் பார்க்கும் வேலையை யாராவது ஒருவருக்குப் பெயர் சொல்லிக் கொடுத்துவிட வேண்டும்.

முதல் பரிந்துரையைப் படிக்கும் விதம்

பரிந்துரையில் நான்கு இடங்களைப் பார்க்க வேண்டும்: விஏ என்று தொடங்கும் பரிந்துரை எண், தொடக்க நாள், முடிவு நாள், எஸ்இஓசி என்ற சிகிச்சைத் தொகுப்பின் பெயர். கடைசியதுதான் உயிர்நாடி. எஸ்இஓசி என்பது இந்தத் துண்டுக்குள் எவை அனுமதி, எத்தனை முறை அனுமதி என்று வரையறுத்த பட்டியல். ‘மறுவாழ்வு மருத்துவ ஆலோசனை’ என்று தலைப்பு இருப்பதால் மறுவாழ்வு மருத்துவர் செய்யும் எல்லாம் அடங்கும் என்று எண்ணிவிடக் கூடாது. பரிசோதனையும் நரம்புக் கடத்தல் ஆய்வும் இருந்து, ஊசி இல்லாமல் இருக்கலாம். ஊசி இருந்தும், படம் பார்த்து ஊசியைச் செலுத்துவதற்கான குறியீடு விடுபட்டிருக்கலாம்.

மாதிரி நோயாளிக்கு வந்தது 180 நாள் அனுமதி, ஆலோசனையும் தொடர் பார்வைகளும் மட்டும். அது முதல் பார்வைக்கு முன்பே தெரிந்திருந்தால், அன்றைக்கே ஊசிக்கான கோரிக்கையைத் தயார் செய்திருக்கலாம். இங்கே அது மருத்துவருக்குத் தெரிந்தது 25ஆம் நாள், நோயாளி எதிரே உட்கார்ந்திருக்கும்போது.

முதல் பார்வை

தசை இறுக்கத்தை மதிப்பிடும் மாற்றியமைத்த ஆஷ்வொர்த் அளவில் (எண் கூடினால் இறுக்கம் கூடுதல்) முழங்கை 3, மணிக்கட்டு 2, விரல்கள் 2. கணுக்காலை முழங்கால் நீட்டிய நிலையிலும் மடக்கிய நிலையிலும் தனித்தனியே அளப்பது அவசியம். நீட்டியபோது பாதம் நேர்கோணத்துக்கு 5 பாகை குறைவாக நின்று, மடக்கியபோது 5 பாகை மேலே வந்தால், முழங்காலைக் கடந்து போகும் கெண்டைக்கால் மேல்தசைதான் முக்கியக் காரணம். இரண்டு நிலையிலும் அசையாவிட்டால் உள்தசையையோ நிலைத்த சுருக்கத்தையோ சந்தேகிக்க வேண்டும். நிலைத்த சுருக்கத்துக்கு ஊசி உதவாது. இந்த எண்களை எழுதி வைப்பது பழக்கத்துக்காக அல்ல. பின்னால் கூடுதல் அனுமதி கேட்கும்போது, விஏவில் முடிவு செய்பவர் கையில் இருக்கப்போவது இவை மட்டுமே. ‘வலது பக்க இறுக்கம், ஊசி தேவை’ என்று ஒரு வரி எழுதினால் கேள்வியோடு திரும்பி வரும்.

மாத்திரையில் விழும் குழி

இதுதான் இந்த நிகழ்வின் மிக ஆபத்தான பகுதி; பணத்தோடு சம்பந்தமில்லாததும்கூட.

இரவு இழுப்புக்கு, தசையைத் தளர்த்தும் பாக்லோஃபென் மாத்திரை எழுதப்பட்டது. வழக்கமான தொடக்கம் 5 மி.கி. வீதம் நாளுக்கு மூன்று வேளை. மூன்று நாளுக்கு ஒருமுறை வேளைக்கு 5 மி.கி. கூட்டலாம், உச்சம் நாளுக்கு 80 மி.கி. ஊழியர் பழக்க தோஷத்தில் அருகிலுள்ள மருந்துக்கடைக்கு அனுப்பினார். வலையமைப்பு விதிப்படி வெளிக்கடையில் கிடைப்பது அவசர மருந்து மட்டும், அதுவும் அதிகபட்சம் 14 நாளுக்கு, மறுநிரப்பு கிடையாது. தொடர்ந்து சாப்பிட வேண்டிய எதுவும் விஏ மருந்தகத்துக்குப் போக வேண்டும். அங்கிருந்து பெரும்பாலும் தபாலில் வீட்டுக்கு வரும்.

கணக்கைப் பாருங்கள். முதல் மூன்று நாள் 15 மி.கி., அடுத்த மூன்று நாள் 30, அடுத்த மூன்று நாள் 45, பத்தாம் நாளிலிருந்து 60. பதினான்காம் நாள் இரவு நோயாளி நாளுக்கு 60 மி.கி. என்ற அளவில் இருக்கிறார், டப்பா காலி. விஏ மருந்தகத்துக்குச் சீட்டு போகவே இல்லை. பாக்லோஃபெனைத் திடீரென நிறுத்தினால் இறுக்கம் முன்னைவிட மோசமாகத் திரும்பும். காய்ச்சல், குழப்பம், இல்லாததைக் காண்பது, வலிப்பு வரை போகலாம். மூளைக் காயம் உள்ளவருக்கு வலிப்பு வரும் வாய்ப்பு ஏற்கெனவே அதிகம். அவசரச் சிகிச்சைப் பிரிவில் சேர்ந்தால், 72 மணி நேரத்துக்குள் விஏவுக்குத் தகவல் போக வேண்டும் என்ற இன்னொரு கடிகாரமும் ஓடத் தொடங்கும்.

சரியான வழி இது. முதல் நாளே இரண்டு சீட்டு. வெளிக்கடைக்கு 14 நாளுக்கு மட்டும், அதுவும் மெதுவான ஏற்றத்தில்: முதல் வாரம் 5 மி.கி. மூன்று வேளை, இரண்டாம் வாரம் 10 மி.கி. மூன்று வேளை. மொத்தம் 315 மி.கி.; 10 மி.கி. மாத்திரை 32 போதும். அதே மணி நேரத்தில் விஏ மருந்தகத்துக்குத் தொடர் சீட்டு, பரிந்துரை எண்ணோடும், மருத்துவரின் வழங்குநர் எண்ணோடும், நோயாளியின் தற்போதைய தபால் முகவரியோடும். தபாலுக்குப் பத்து நாள் என்று வைத்துக்கொண்டால் நான்கு நாள் கைவசம் மிஞ்சும். பத்தாம் நாள் ஊழியர் நோயாளிக்குப் போன் செய்து, பொட்டலம் வந்ததா என்று கேட்க வேண்டும். சிறுநீரகம் வழியாகவே பெரும்பகுதி வெளியேறும் மருந்து என்பதால், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவு தெரியாமல் ஏற்றக் கூடாது. அந்த முடிவு விஏவின் பதிவேட்டில் ஏற்கெனவே இருக்க வாய்ப்புண்டு, கேட்டு வாங்கினால் ஓர் இரத்தப் பரிசோதனை மிச்சம்.

எழுதும் மருந்து விஏவின் தேசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பதும் மருத்துவர் வேலைதான். பட்டியலில் இல்லாததை எழுதினால் தனிக் கோரிக்கை தேவைப்படும், அதற்குள் 14 நாள் தீர்ந்துவிடும்.

போட்டுலினம் ஊசி

எஸ்இஓசியில் இல்லாத எதற்கும் 10-10172 என்ற படிவத்தில் கோரிக்கை அனுப்ப வேண்டும். கிளினிக்குகளில் இதை ஆர்எஃப்எஸ் என்றே சொல்வார்கள். மருத்துவர் கையெழுத்து, நோய்க்குறியீடு, செயல்முறைக் குறியீடுகள், எத்தனை முறை, எவ்வளவு காலம், அதோடு பார்வைக் குறிப்பு. மாதிரி கிளினிக்கின் முதல் கோரிக்கையில் ஊசிக்கான குறியீடு இருந்தது, மருந்துக்கான குறியீடு இல்லை. அனுமதி வந்தது ஊசி போடும் வேலைக்கு மட்டும். போட்டுலினத்தில் செலவின் பெரும்பகுதி மருந்து. மருந்தைக் கிளினிக் வாங்கிப் போட்டு, பணம் வராவிட்டால் ஒரே நோயாளியில் அந்த மாதத்தின் இலாபம் கரைந்துவிடும்.

திருத்திய கோரிக்கையில் எழுதியவை: கையில் ஐந்து தசைகளுக்கு 64644, கூடுதல் உறுப்பாகக் காலில் நான்கு வரையிலான தசைகளுக்கு 64643, மின்தசை வரைவு வழிகாட்டலுக்கு 95874, மருந்துக்கு ஜே0585. கடைசிக் குறியீட்டின் ஓர் அலகு என்பது மருந்தின் ஓர் யூனிட். ‘ஒரு குப்பி’ என்று நினைத்து 2 என்று எழுதினால் இரண்டு யூனிட்டுக்குத்தான் அனுமதி வரும். எத்தனை முறை என்ற கட்டத்தில் ‘12 வாரத்துக்கு ஒருமுறை’ என்று எழுத வேண்டும். காலியாக விட்டால் ஒருமுறை என்று எடுத்துக்கொள்ளப்படும்.

அளவு இப்படிப் பிரிந்தது. மேல்கை முன்தசைக்கு நான்கு இடத்தில் 100 யூனிட். மணிக்கட்டை மடக்கும் இரண்டு தசைகளுக்கு 25 வீதம். விரல் மடக்கும் மேல்தசைக்கும் ஆழ்தசைக்கும் 30 வீதம். கையில் மொத்தம் 210. காலில் கெண்டைக்காலின் உட்பக்க மேல்தசைக்கும் உள்தசைக்கும் 75 வீதம் 150. எல்லாம் சேர்த்து 360. பெரியவர்களுக்கு மூன்று மாத உச்ச அளவான 400க்குள் இருக்கிறது. 200 யூனிட் குப்பி ஒவ்வொன்றையும் பாதுகாப்புப்பொருள் கலக்காத 0.9 சதவீத உப்புநீர் 4 மி.லி. விட்டுக் கரைத்தால், 0.1 மி.லி.க்கு 5 யூனிட் என்று கணக்கு எளிதாகும். கரைத்ததை 2 முதல் 8 பாகைக் குளிரில் வைத்து 24 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். வீரர் வராமல் போனால் கரைத்த மருந்து வீண். ஆகவே அவர் கட்டிலில் படுத்த பிறகே குப்பியைத் திறக்க வேண்டும்.

இரண்டு குப்பியில் 400, பயன்பட்டது 360, மிஞ்சியது 40. முதியோருக்கும் ஊனமுற்றோருக்குமான அரசுக் காப்பீடான மெடிகேரின் வழக்கப்படி, கிளெய்மில் 360ஐ ஒரு வரியிலும், வீணான 40ஐ ஜேடபிள்யூ குறியோடு தனி வரியிலும் எழுத வேண்டும். மிச்சமே இல்லாவிட்டால் ஜேஇசட் குறி வேண்டும். 2023 ஜூலையிலிருந்து அது கட்டாயம். வீணானதை நோயாளியின் குறிப்பிலும் எழுத வேண்டும். குறிப்பில் இல்லாத 40 யூனிட்டைக் கிளெய்மில் மட்டும் போட்டால் தணிக்கையில் கேள்வி வரும்.

இப்போது நாட்காட்டி. முதல் ஊசி 40ஆம் நாள். அடுத்தது 12 வாரம் கழித்து, 124ஆம் நாள். மூன்றாவது 208ஆம் நாள். அனுமதி 180இல் முடிந்துவிட்டது. இந்தக் கூட்டல் முதல் ஊசியன்றே செய்யக்கூடியது, ஆனால் கிளினிக்குகள் செய்வதில்லை. புதுப்பிப்புக் கோரிக்கையை 150ஆம் நாளில் அனுப்ப வேண்டும், இரண்டாம் ஊசிக்குப் பிந்தைய அளவீடுகளோடு. முழங்கை 3இலிருந்து 1+க்கு வந்தது, உடை மாற்ற எடுக்கும் நேரம் குறைந்தது, உள்ளங்கையைச் சுத்தம் செய்ய முடிகிறது என்று எழுதியிருந்தால் போதும். ‘முன்னேற்றம் உண்டு, தொடரவும்’ என்பது போதாது.

காலுக்குத் தாங்கி

ஊசி போட்டு இரண்டு வாரத்தில் இறுக்கம் தளரும். அப்போது கணுக்கால் தாங்கி கையில் இருக்க வேண்டும். நீட்டிப் பழகாத தசை மூன்று மாதத்தில் பழைய நிலைக்கே போய்விடும். வெளி மருத்துவர் தாங்கியை நேரே கடையில் எழுதித்தர முடியாது. ஊன்றுகோல், கைத்தடி, கட்டு போன்ற அவசரச் சாதனங்கள் விதிவிலக்கு. மற்றவை 10-10172 படிவம் வழியாக விஏவின் செயற்கை உறுப்புப் பிரிவுக்குப் போக வேண்டும், அவர்கள்தான் வாங்கித் தருவார்கள். படிவத்தில் சாதனத்தின் குறியீடு, வகை, எந்தப் பக்கம், அளவு, எங்கே அனுப்ப வேண்டும், யார் பொருத்திப் பார்த்துப் பயிற்சி தருவார் என்று எழுத வேண்டும்.

நாட்கணக்கு இங்கேயும் உண்டு. வார்ப்பு எடுத்துச் செய்யும் தாங்கிக்கு வாரக்கணக்கில் ஆகும். ஆகவே தாங்கிக் கோரிக்கை ஊசிக் கோரிக்கையோடு ஒரே நாளில் போக வேண்டும். மாதிரி கிளினிக்கில் ஊசி போட்ட பிறகு தாங்கி கேட்டார்கள். அது வந்து சேர்ந்தபோது முதல் ஊசியின் பலன் பாதி கடந்துவிட்டது. இரண்டாவது ஊசிக்குத்தான் தாங்கி பயன்பட்டது.

உடலியக்கப் பயிற்சியாளரிடம் அனுப்புவதும் அதே வழி. தனியார் காப்பீட்டு நோயாளிக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்து அனுப்பும் பழக்கம் இங்கே செல்லாது. வெளி மருத்துவர் இன்னொரு வெளி மருத்துவரிடம் அனுப்ப வேண்டுமானாலும் விஏவின் அனுமதி நடுவில் வர வேண்டும். அனுமதி இல்லாமல் போய்வந்த பார்வைகளுக்கு யாரும் பணம் தர மாட்டார்கள்.

கிளெய்ம்

180 நாளுக்குள் போக வேண்டும், சிகிச்சை தேதியிலிருந்து. படிவத்தின் 23ஆம் கட்டத்தில் பரிந்துரை எண். நோயாளிக்கு மெடிகேர் இருந்தாலும் விஏ அனுமதித்த சிகிச்சையை மெடிகேருக்கு அனுப்பக் கூடாது. இரண்டும் ஒன்றின் மிச்சத்தை மற்றொன்று கட்டும் ஏற்பாடு அல்ல. நோயாளியிடம் பங்குத்தொகை வாங்கக் கூடாது. அவர் கட்ட வேண்டியது இருந்தால் விஏவே வாங்கிக்கொள்ளும். முன்மேசையில் கடன் அட்டை கேட்கும் பழக்கத்தை இந்த நோயாளிகளுக்கு நிறுத்திவைக்க, கோப்பின் மேல் ஒரு நிற அடையாளம் போட்டாலே போதும். கட்டணம் பொதுவாக மெடிகேர் விகிதத்தை ஒட்டியது. அதைவிட அதிகம் எதிர்பார்த்துச் சேர்ந்தவர்கள் ஓராண்டில் விலகிவிடுவார்கள்.

பார்வைக் குறிப்பை 30 நாளுக்குள் விஏவுக்கு அனுப்ப வேண்டும். பலர் இதைச் சம்பிரதாயமாக நினைக்கிறார்கள். அடுத்த கோரிக்கைக்கு முடிவு சொல்பவர் அந்தக் குறிப்பைத்தான் தேடுவார் என்பது அவர்களுக்கு முதல் மறுப்பு வந்த பிறகே தெரிகிறது.

ஊசிக்கு வெளியே

மூளைக் காயத்தோடு வரும் படைவீரர் ஒருநாள் ஊனத்தொகைக்கான தாளையும் நீட்டுவார். ஊனத்தொகைப் பரிசோதனையில் மூளைக் காயத்தின் முதல் நோயறிதலைச் செய்யத் தகுதி உள்ளவர்கள் நான்கு துறையினர்: மறுவாழ்வு மருத்துவர், நரம்பியல் மருத்துவர், நரம்பு அறுவை மருத்துவர், மனநல மருத்துவர். ஆனால் சிகிச்சைக்கு வந்த பரிந்துரை அந்தப் பரிசோதனைக்குப் பணம் தராது; அது வேறு தடம், வேறு அலுவலகம். மருத்துவர் செய்யக்கூடியது தன் சிகிச்சைக் குறிப்பைத் துல்லியமாக எழுதி வைப்பது. வீரர் அதன் நகலை வாங்கித் தன் விண்ணப்பத்தோடு வைத்துக்கொள்ளலாம்.

வலியும் தூக்கமின்மையும் மூளைக் காயமும் ஒன்றுசேர்ந்த நோயாளியிடம், தன்னை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா என்று நேராகக் கேட்க வேண்டும். மறுவாழ்வு கிளினிக்கில் இந்தக் கேள்வி பெரும்பாலும் விடுபடுகிறது. 988ஐ அழைத்து 1ஐ அழுத்தினால் படைவீரருக்கான நெருக்கடி உதவி கிடைக்கும். அந்த எண்ணைச் சுவரில் ஒட்டிவைத்தால் போதாது, ஊழியர் எல்லோருக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும். 2023 ஜனவரி 17 முதல், தற்கொலை நெருக்கடியில் உள்ள தகுதியுள்ள படைவீரர், விஏவில் பதிவு செய்யாதவராக இருந்தாலும், எந்த மருத்துவமனையிலும் கட்டணமின்றி அவசரச் சிகிச்சை பெறலாம்; உள்நோயாளியாக 30 நாள் வரை, வெளிநோயாளியாக 90 நாள் வரை. ‘முன் அனுமதி வாங்கிவிட்டு வருகிறேன்’ என்று யாரும் தயங்கக் கூடாத இடம் இது.

எப்போது நோயாளியை விஏவுக்கே திருப்பி அனுப்புவது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மினியாபொலிஸ், பாலோ ஆல்டோ, ரிச்மண்ட், சான் அன்டோனியோ, டாம்பா ஆகிய ஐந்து ஊர்களில் ஒரே சமயத்தில் பல உறுப்புகளில் காயம்பட்டவர்களுக்கான விஏவின் மறுவாழ்வு மையங்கள் உள்ளன. கை இழப்பு, பார்வை இழப்பு, மூளைக் காயம் மூன்றும் சேர்ந்தவரை மூன்று மருத்துவர் உள்ள கிளினிக் ஏற்றுக்கொள்வது துணிச்சல் அல்ல, நேர விரயம். நம் மாதிரி நோயாளிக்கு அது தேவைப்படவில்லை. ஆனால் இறுக்கம் ஊசிக்கு அடங்காமல் தண்டுவட உறைக்குள் பாக்லோஃபென் செலுத்தும் பம்பு வேண்டியிருந்தால், அதைப் பொருத்துவதும் ஆண்டுக்கணக்கில் நிரப்புவதும் ஓரிடத்தில் நடப்பதே பாதுகாப்பு. துண்டு துண்டான அனுமதியில் நிரப்பும் நாள் தவறினால், மாத்திரை தீர்ந்தபோது வந்த அதே ஆபத்து பன்மடங்காக வரும்.

இரண்டாம் சுற்றில் மாதிரி கிளினிக் ஒன்றை மாற்றியது. படைவீரர் கோப்புகள் அனைத்தையும் ஒரே ஊழியர் கையில் கொடுத்து, ஒவ்வொரு கோப்பின் முகப்பிலும் ஐந்து தேதிகளை எழுத வைத்தார்கள்: அனுமதி முடியும் நாள், அதற்கு 30 நாள் முந்தைய நாள், அடுத்த ஊசி நாள், மருந்துப் பொட்டலம் வர வேண்டிய நாள், கிளெய்மின் 180ஆம் நாள். வாரத்துக்கு இரண்டு மணி நேர வேலை. மூன்றாவது ஊசிக்கான அனுமதி 171ஆம் நாள் கைக்கு வந்தது. 208ஆம் நாள் ஊசி போடப்பட்டது, இந்த முறை கெண்டைக்காலுக்கு அளவைக் கூட்டி, இரண்டு குப்பியும் மிச்சமில்லாமல்.